குத்தகை நிலத்தில் வெட்டிய கிணறு

(1988-ஆம் ஆண்டு மின்னணுப் பொறியியல் பிரிவில் படித்து முடித்து, இப்போது ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரில் வசிக்கும் நம் சங்க உறுப்பினர், முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கி எழுத்தில் தரப்படுகிறது.)



செயலாளர் எனக்குப் போன் செய்தபோது, "உங்க தொழில் சம்பந்தமா ஏதாவது பேசுங்க, ஆனா பிள்ளைங்க தூங்கிடக் கூடாது" என்றார். என் தொழில், விளையாட்டுப் போட்டிகளை நடக்கும்போதே இன்டர்நெட் வழியாக வீடுகளுக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது. அதில் சர்வர் உண்டு, கோடிங் உண்டு, தூக்கம் வருவதற்கு வேண்டிய எல்லாமே உண்டு. ஆகவே அதை அப்புறம் வைத்துக் கொள்கிறேன். முதலில் நம் ஹாஸ்டல் டி.வி. அறைக்குப் போய்விட்டு வருவோம்.

1987, அக்டோபர் 9. நாங்கள் கடைசி வருடம். சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் உலகக் கோப்பை ஆட்டம். ஹாஸ்டலில் ஒரே ஒரு டி.வி. பெட்டி. அதைப் பூட்டி வைக்க ஒரு மரக்கூண்டு; சாவி வார்டனிடம். அன்று சாவி எப்படிக் கிடைத்தது என்பதை, வார்டன் ஐயா இங்கேயே இருப்பதால், சொல்லாமல் விடுகிறேன். அறையில் ஐம்பது பேர் உட்காரலாம். அன்று இருநூறு பேர் இருந்தோம். ஜன்னல் கம்பியில் தொங்கியவர்கள் தனிக் கணக்கு. மொட்டை மாடியில் ஒருவன் ஆண்டெனாவைப் பிடித்துக் கொண்டு "வருதா? வருதா?" என்று கத்த, கீழிருந்து "போச்சுடா, பழையபடி திருப்புடா" என்று பதில் போகும். அவன் அன்று ஒரு பந்துகூடப் பார்க்கவில்லை. இதோ மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறான். இப்போது பெரிய அதிகாரி. அவன் தியாகத்துக்கு ஒரு கைதட்டு கொடுங்கள்.

ஆஸ்திரேலியா எடுத்தது 270. அதில் ஒரு பந்து நான்கா ஆறா என்று தகராறு வந்து, இடைவேளையில் கபில்தேவ் பெருந்தன்மையாக ஆறு என்று ஒப்புக் கொண்டதால் 268 என்பது 270 ஆனது. நம் ஸ்ரீகாந்த் 70, சித்து 73 என்று அடித்தும், கடைசி ஓவரில் இரண்டு பந்து மீதி இருக்க இரண்டு ரன் வேண்டியிருந்தது. ஸ்டீவ் வா போட்ட பந்தில் மனிந்தர் சிங் போல்டு. 269. ஒரே ஒரு ரன்னில் தோற்றோம்.

அந்த நொடியில் இருநூறு பேரும் மௌனமானோம். பக்கத்து டீக்கடையிலும் சத்தம் நின்றது. ரோட்டில் ரேடியோ கேட்டுக் கொண்டிருந்த ரிக்‌ஷாக்காரரும் தலையில் கை வைத்தார். எல்லோரும் ஒரே நொடியில். இந்த 'ஒரே நொடி'யை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நான் திரும்ப இங்கே வருவேன்.

1997-இல் வேலை கிடைத்து ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்தேன். போனது நவம்பர் மாதம். பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும். நாம் பழகிய ஊரே வேறு; அங்கே வாசலில் நின்று பேச ஆள் கிடையாது. எனக்கு அங்கே முதலில் சிநேகிதமானவர் என் எதிர்வீட்டுப் பெரியவர். சுரங்க ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை என் கதவைத் தட்டி, "ஃபுட்பால் பிடிக்குமா?" என்று கேட்டார். எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும் என்றேன். "பரவாயில்லை, காப்பி இருக்கிறது, வா" என்றார். அப்படித் தொடங்கியது.

அவர் சொல்லித்தான் எனக்கு அந்த ஊர்க் கதை தெரிந்தது. அந்த நாடுகளில் குளிர்காலம் முழுக்க மைதானம் உறைந்து கிடக்கும். உள்ளூர் ஃபுட்பால் கிடையாது. ஆனால் ஃபுட்பால் முடிவுகளை வைத்துப் பந்தயம் கட்டும் சீட்டு, அரசாங்கமே நடத்துவது, வீட்டுக்கு வீடு உண்டு. குளிர்காலத்தில் அந்தச் சீட்டில் இருப்பதெல்லாம் இங்கிலாந்து ஆட்டங்கள். ஆகவே 1969, நவம்பர் 29 அன்று ஸ்வீடன் அரசுத் தொலைக்காட்சி, இங்கிலாந்தில் உல்வர்ஹாம்ப்டன், சண்டர்லாண்ட் அணிகள் ஆடிய லீக் ஆட்டத்தை நேரடியாகக் காட்டியது. 'டிப்ஸ் எக்ஸ்ட்ரா' என்று நிகழ்ச்சிக்குப் பெயர். அன்றைய தேதியில் ஸ்வீடனில் இருந்ததே ஒரே ஒரு சேனல்தான். இரண்டாவது சேனல் அடுத்த வாரம்தான், டிசம்பர் 5-இல் வந்தது. ஆகவே டி.வி. போட்டவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் சனிக்கிழமை மாலை என்றால் இங்கிலாந்து ஃபுட்பால். நார்வேயிலும் இதே கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்துக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை அந்த நாட்டுக்குள் நேரடியாகக் காட்டக் கூடாது, காட்டினால் மைதானத்துக்குக் கூட்டம் வராது என்று 1960-களிலிருந்தே அங்கே ஒரு கட்டுப்பாடு. ஆகவே லிவர்பூலில் இருக்கிறவன் பார்க்க முடியாத ஆட்டத்தை லூலியோவில் பனிக்குள் உட்கார்ந்திருக்கிறவன் பார்ப்பான். எங்கள் பெரியவர் 1969-இல் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர். உல்வர்ஹாம்ப்டன் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று இன்றும் தெரியாது. ஆனால் அந்த அணி தோற்றால் ஞாயிற்றுக்கிழமை சரியாகச் சாப்பிட மாட்டார்.

நான் போன காலத்திலேயே அந்த ஆட்டங்களின் உரிமை, அரசு சேனலை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டணச் சேனல்களின் பக்கம் போய்க் கொண்டிருந்தது. பெரியவர் முணுமுணுத்துக் கொண்டே டிஷ் வாங்கினார். அப்புறம் கேபிள். அப்புறம் ஒருநாள், "இனிமேல் இதிலே இல்லையாம், இன்டர்நெட்டிலேதானாம், வயாபிளே என்கிறார்கள், நீதான் அந்த வேலை பார்க்கிறாயே, வந்து போட்டுக் கொடு" என்று கூப்பிட்டார்.

இந்த வயாபிளே கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நான் அங்கே வேலை பார்த்தவன் இல்லை. பணம் கட்டிப் பார்க்கிறவன், அதே தொழிலில் இருக்கிறவன், அவ்வளவே.

இதற்கு ஒரு தாத்தா உண்டு. ஜான் ஸ்டென்பெக் என்று ஒரு தொழிலதிபர். 1980-களில் ஸ்வீடனில் தனியார் டி.வி. நடத்த அனுமதி கிடையாது, விளம்பரமும் கிடையாது. அவர் என்ன செய்தார்? லண்டனில் போய் உட்கார்ந்து கொண்டு, செயற்கைக்கோள் வழியாக ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றுக்கும் சேர்த்து ஒளிபரப்பினார். 1987, டிசம்பர் 31 அன்று டி.வி.3 தொடங்கியது. நாம் மரக்கூண்டு சாவிக்கு அலைந்து கொண்டிருந்த அதே வருடம்! சட்டம் நாட்டு எல்லையோடு நிற்கும், வானத்துக்கு எல்லை இல்லை என்று கண்டுபிடித்த மனுஷன். அந்தக் குடும்பத்தில் அப்புறம் டிஷ் வியாபாரம் வந்தது, 2007-இல் இன்டர்நெட் வழி படம் காட்டும் சேவை வந்தது, 2011-இல் அதற்கு வயாபிளே என்று பெயர் வைத்தார்கள். 2019-இல் டி.வி. வியாபாரத்தைத் தாய்க் கம்பெனியிலிருந்து பிரித்துத் தனிக் கம்பெனி ஆக்கினார்கள். 2022-இல் கம்பெனிக்கே வயாபிளே என்று பெயர் வந்துவிட்டது.

நெட்ஃபிளிக்ஸ் மாதிரி அமெரிக்கப் பெரும்புள்ளிகள் வந்து இறங்கிய காலம். ஒரு வட்டாரக் கம்பெனி அவர்களோடு எப்படி மோதுவது? சினிமாவில் மோத முடியாது. அவர்கள் கையில் இல்லாத ஒன்று வேண்டும். அதுதான் நேரடி விளையாட்டு. சினிமாவை நாளைக்குப் பார்க்கலாம். ஆட்டத்தை நாளைக்குப் பார்க்க முடியாது. இது நல்ல யோசனை. இன்றைக்கும் நான் அதை நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். 2020-இல் அவர்கள் இங்கிலாந்து பிரிமியர் லீக் உரிமையை ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நான்கு நாடுகளுக்கும், 2022 முதல் 2028 வரை ஆறு வருடத்துக்கு வாங்கினார்கள். ஒரு சீசனுக்கு 380 ஆட்டம். அதிர்ஷ்டமும் கூட வந்தது: அதே 2022-இல்தான் நார்வேக்காரரான ஹாலண்ட் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார், இன்னொரு நார்வேக்காரர் ஓடகார்ட் ஆர்சனலுக்குக் கேப்டன் ஆனார். நார்வேயில் பணம் கட்டாமல் இருப்பானா? பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் போட்டிகளையும், அது நார்வேக்காரனுக்கு நமக்குக் கிரிக்கெட் மாதிரி, அரசு சேனலான என்.ஆர்.கே.யிடமிருந்து 2021 குளிர்காலத்தில் இவர்கள் எடுத்துக் கொண்டார்கள். சும்மா பார்த்துக் கொண்டிருந்ததற்குக் காசா என்று ஊரே பேசியது.

இப்போது கொஞ்சம் தொழில் பேசுகிறேன். ஐந்தே நிமிடம். தூங்குகிறவர்கள் தூங்கலாம்.

பழைய டி.வி. ஒளிபரப்பு என்பது கோவில் திருவிழாவில் கட்டும் ஒலிபெருக்கி மாதிரி. பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். இன்டர்நெட் வழியாக அனுப்புவது பந்தி பரிமாறுவது மாதிரி. ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியாக வைத்தாக வேண்டும். கூட்டம் கூடினால் செலவும் கூடும். அதிலும் விளையாட்டுப் பந்தி இருக்கிறதே, கல்யாணப் பந்தி மாதிரி ஒன்று முடிந்து அடுத்தது என்று வராது. ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அத்தனை பேரும் ஒன்றாக வந்து உட்காருவார்கள்.

பரிமாறுவதும் எப்படித் தெரியுமா? காமிராவில் வரும் படத்தை, நல்ல லைன் இருப்பவனுக்கு ஒரு தரம், மோசமான லைன் இருப்பவனுக்கு ஒரு தரம் என்று ஐந்தாறு தரத்தில் தயார் செய்து, ஒவ்வொன்றையும் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புவோம். உங்கள் செல்போன் இரண்டு மூன்று துண்டு கைக்கு வந்த பிறகுதான் காட்டத் தொடங்கும். நடுவில் நின்று விடக் கூடாதே என்ற பயம். இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்து, மைதானத்தில் கோல் விழுந்து முப்பது நாற்பது விநாடி கழித்துத்தான் உங்கள் கண்ணுக்குப் படும். கேபிளில் பார்ப்பவனுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

எங்கள் பெரியவருக்கு நான் எல்லாம் போட்டுக் கொடுத்த முதல் சனிக்கிழமை. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கிறோம். உல்வர்ஹாம்ப்டன் பந்து இன்னும் நடு மைதானத்தைத் தாண்டவில்லை. மேல் வீட்டில் ஒரே கூச்சல். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் டி.வி.யைப் பார்த்தேன். அரை நிமிடம் கழித்துக் கோல் விழுந்தது. அவர் கைதட்டவில்லை. "இது நடந்து முடிந்து போனதில்லையா? நான் பார்ப்பது பழைய செய்திதானே?" என்று கேட்டார். நான் இந்தத் துறையில் எத்தனையோ வருடம் கழித்தவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. லோ லேட்டன்சி, அது இது என்று ஏதோ சொன்னேன். அவர் எழுந்து போய்க் காப்பி ஊற்றினார்.

சரி, கம்பெனி கதைக்கு வருகிறேன். ஊரில் கடை நன்றாக ஓடியதும் என்ன தோன்றும்? பக்கத்து ஊரில் கிளை. 2021-இல் பால்டிக் நாடுகள், போலந்து. 2022 மார்ச்சில் நெதர்லாந்து. அந்த வருடக் கடைசியில் பிரிட்டன். அப்புறம் அமெரிக்கா, கனடா. பிரிட்டனில் பிரிமியர் ஸ்போர்ட்ஸ் என்ற சிறிய விளையாட்டு சேனலை 2022-இல் சுமார் மூன்று கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். நெதர்லாந்தில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய உரிமை. அந்த ஊர் வெர்ஸ்டாப்பன் முந்திய டிசம்பரில்தான் உலகச் சாம்பியன் ஆகியிருந்தார். கோடிக்கு மேல் சந்தாதாரர்கள் சேர்ப்போம் என்று அறிவிப்பு. பங்குச் சந்தைக்குச் சந்தோஷம். 2021-இல் ஒரு பங்கு 400 குரோனாவுக்கு மேல் போனது.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு, நண்பர்களுக்குத் தெரியும். குத்தகைக்கு எடுத்த நிலத்தில் யாரும் கிணறு வெட்ட மாட்டார்கள். வருடம் முடிந்தால் நிலம் உடையவனுடையது. தண்ணீர் நன்றாக வந்தால் என்ன ஆகும்? அடுத்த குத்தகைத் தொகையை உடையவன் ஏற்றுவான். நீ வெட்டிய கிணற்றுக்கு நீயே கூடுதல் வாடகை கொடுப்பாய். விளையாட்டு ஒளிபரப்பு உரிமை என்பது இதுதான். ஆட்டம் உன்னுடையது இல்லை. ஆறு வருடம் நீ ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து, ஆப் எழுதி, சர்வர் வைத்து, ரசிகனைப் பழக்கி வைப்பாய். ஆறாம் வருடக் கடைசியில் ஏலம். அதற்குள் ஆட்டம் பிரபலமாகியிருந்தால் விலை ஏறும். அதைப் பிரபலப்படுத்தியது நீயாக இருந்தாலும் ஏறும். ஆள் போய்விட்டாலோ, கட்ட வேண்டிய பணம் குறையாது. சீசன் முடிந்த மறுநாள் "சந்தாவை நிறுத்து" என்று பட்டனை அழுத்துகிறவன் எத்தனையோ பேர். அவனைக் குறை சொல்ல முடியாது. நானே அழுத்தியிருக்கிறேன்.

இதோடு ஒரு பணக் கணக்கும் உண்டு. வசூல் ஆவது குரோனாவில். உரிமைக்குக் கட்டுவதில் பெரும் பங்கு பவுண்டிலும் யூரோவிலும் டாலரிலும். 2022, 2023-இல் குரோனா மதிப்பு சரிந்தது. விலைவாசி ஏறி வீட்டுக்காரர்கள் செலவைக் குறைத்தார்கள். விளம்பரம் குறைந்தது. ஒன்றாக வரும்போது எல்லாம் ஒன்றாகத்தான் வரும் போலிருக்கிறது. 2023, ஜூன் 5 அன்று, இலாபக் கணக்கெல்லாம் செல்லாது என்ற அறிவிப்பும், தலைமை நிர்வாகி ஆண்டர்ஸ் யென்சன் விலகல் செய்தியும் சேர்ந்து வந்தன. பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தது. ஜூலையில், வெளிநாட்டுக் கிளைகளில் நெதர்லாந்து தவிர மற்றவற்றை மூடுவோம், ஊழியர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள். பிரிட்டனில் அந்தச் சிறிய சேனலை, விற்றவரே திரும்ப எடுத்துக் கொண்டு பழைய பெயர்ப் பலகையை மாட்டினார். 2024 தொடக்கத்தில் பிரான்சின் கனால் ப்ளூஸ், செக் நாட்டின் பி.பி.எஃப். இரண்டும் முன்னின்று 400 கோடி குரோனா புது மூலதனம் போட்டுத்தான் கம்பெனி தப்பியது. புதுப் பங்கு விலை ஒரு குரோனா. ஆமாம், 400 எங்கே, 1 எங்கே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். கம்பெனி சாகவில்லை. தன் சொந்த ஊரான வட நாடுகளுக்கும் நெதர்லாந்துக்கும் திரும்பி வந்து, விலையை ஏற்றி, மெல்லத் தேறி வருகிறது. 2025-இல் அவர்கள் என்ன வாங்குவதாக அறிவித்தார்கள் தெரியுமா? தாங்கள் ஏற்கெனவே பாதிப் பங்கு வைத்திருந்த ஒரு டிஷ் கம்பெனியின் மீதிப் பாதியை. எதிர்காலம் இன்டர்நெட்டில் என்று கிளம்பியவர்கள், பழைய ஒலிபெருக்கிக்கே திரும்பிச் சந்தா வாங்கப் போனார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது.

மாணவத் தம்பி ஒருவர் காலையில் என்னிடம், "சார், அவ்வளவு பெரிய கம்பெனியில் ஒருத்தருக்குக்கூடவா கணக்கு தெரியவில்லை?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதிலாக என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். இதை என் மனைவியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு நான் வேறொரு கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். நாங்களும் ஒரு போட்டித் தொடரை நேரடியாகக் காட்டும் வேலை எடுத்திருந்தோம். படம் அனுப்புவது பெரிய காரியம் என்று எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. அதற்கு உலகம் முழுக்கக் கிடங்கு வைத்துப் படத் துண்டுகளை வினியோகம் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. உடைவது எப்போதும் வாசல் கதவு. "நீ யார், பணம் கட்டினாயா, பாஸ்வேர்டு என்ன" என்று கேட்கும் இடம். அது ஒரே இடத்தில் இருக்கும். எல்லோரும் அந்தக் கதவு வழியாகத்தான் வர வேண்டும், அதுவும் அந்த ஐந்து நிமிடத்தில்.

கதவைச் சோதித்துப் பார்த்தவன் நான். எதிர்பார்த்த கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கே அதற்கு மூச்சு வாங்கியது. தொடக்க ஆட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. மீட்டிங்கில் மேலதிகாரி சுற்றிப் பார்த்து, "எல்லாம் தயார்தானே?" என்றார். எனக்கு அப்போதுதான் வீட்டுக் கடன். மகள் கல்லூரி போகும் வயது. அந்த அறையில் நான் ஒருவன்தான் வெளிநாட்டுக்காரன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சில சிறிய விஷயங்கள் இருக்கின்றன, பார்த்துக் கொண்டிருக்கிறோம்" என்றேன். அப்புறம் ஒரு ஈமெயில் போட்டேன். அதில் நாலாவது பத்தியில், பின்னால் கேட்டால் காட்டலாம் என்கிற மாதிரி ஒரு வரி எழுதி வைத்தேன். இந்தக் கலை எல்லா ஆபீசிலும் உண்டு. இங்கே சிரிக்கிற நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று இரவு கதவு உடைந்தது. ஆட்டம் தொடங்கி இருபத்தைந்து நிமிடம் பணம் கட்டின ஜனங்களால் உள்ளே வர முடியவில்லை. நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேர்த்துக் கொண்டிருந்தேன். என் மேல் யாரும் கோபப்படவில்லை. ஈமெயிலில் அந்த நாலாவது பத்தி இருந்ததே! திட்டு வாங்கியது யார்? கீழ் மாடியில் வாடிக்கையாளர் போனை எடுக்கிறவர்கள். தற்காலிக வேலைக்கு வந்த சின்னப் பிள்ளைகள். நள்ளிரவு லிஃப்டில் இறங்கும்போது அவர்களில் ஒரு பெண், என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவள், சுவரில் சாய்ந்து அழுது கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக் கொண்டு, "இப்போ சரியாயிடுச்சா சார்?" என்றாள். ஆயிற்று என்றேன். எனக்குப் பத்து நாள் முன்பே தெரியும் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் ஆட்களைக் குறைத்தபோது அந்தத் தற்காலிகக் கூட்டம்தான் முதலில் போனது. எனக்குச் சம்பள உயர்வு வந்தது. அந்தக் கதவை நான் சரி செய்து கொடுத்தேனாம்.

தம்பி, ஒருத்தருக்குக்கூடக் கணக்கு தெரியவில்லையா என்று கேட்டீர்களே. நான் இருந்த அறையில் எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இந்த வருடம் அவர் சந்தாவை நிறுத்திவிட்டார். மாதா மாதம் கட்ட முடியாமல் இல்லை. பாஸ்வேர்டு மறந்து மறந்து அலுத்துவிட்டார். சனிக்கிழமை நான்கு மணிக்கு ரேடியோ வைக்கிறார். சீட்டில் 13 ஆட்டத்துக்கும் பென்சிலால் குறி போடுகிறார். நான் எதிர்வீட்டில் டி.வி.யில் பார்க்கிறேன். கோல் விழுந்தால் அவர் சுவரை இரண்டு முறை தட்டுவார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து கொள்வேன். அப்புறம் அரை நிமிடம் கழித்து எனக்கு வரும்.

நேற்று இரவு பழைய ஹாஸ்டலில்தான் தங்கினோம். டி.வி. அறை இப்போது சைக்கிள் நிறுத்துகிற இடம். கிரிக்கெட் ஆட்டம் ஒன்று நடந்து கொண்டிருந்தது. நான் வராந்தாவில் நின்றிருந்தேன். முதலில் 12-ஆம் அறையில் ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மாடியில் ஒரு சத்தம். அப்புறம் கோடி அறையில். கடைசியாக மெஸ் பக்கத்திலிருந்து ஒரு பையன் செல்போனைப் பிடித்துக் கொண்டு ஓடி வந்து, "அவுட்டுடா!" என்று கத்தினான். 12-ஆம் அறைக்காரன் கதவைத் திறந்து, "போடா, அடுத்த பேட்ஸ்மேனே வந்தாச்சு" என்றான்.

ஆண்டெனா பிடித்த நம் அதிகாரி நண்பர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்துக் கொண்டிருந்தோம்.